ஒரு டிவிடிக்குள் ஒரு கல்யாணம்!

விருதுநகர் மெயின் பஜார் பக்கம் ஒரு சின்ன வீடியோ கடை. 2012-ல் ஒரு மத்தியானம், கரன்ட் இல்லாத நேரம், மஞ்சப்பையில் இரண்டு விஎச்எஸ் கேசட்டுகளோடு அந்தப் பெண் வந்து நின்றார். பள்ளிக்கூட டீச்சர். 1995-ல் நடந்த அவருடைய அக்கா கல்யாண கேசட்டுகள் அவை. ஒரு கேசட் முழுசாக மூன்று மணி நேரம், இன்னொன்றில் மிச்சம் இருபது நிமிடம். ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது.

“ரெண்டையும் ஒரே டிவிடியில போட்டுக் குடுங்க” என்றார்.

கடைப் பையன் வாங்கிக்கொண்டான். நாலு நாளில் டிவிடி வந்தது. வீட்டில் அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி, கூட ஒரு டிவிடி பிளேயர். அம்மா பாயை விரித்து உட்கார்ந்து பார்த்தார். மாப்பிள்ளை அழைப்பு வந்தது. புஸ்வாணம் சீறியது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி சேர்ந்தது.

“ஏ புள்ள, இதுல அப்பா எங்க?” என்றார் அம்மா.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. அப்பா சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வருஷக்கணக்காக விடியற்காலை பஸ் பிடித்துப் போய் வந்தவர். கேமராவைக் கண்டாலே ஒதுங்கி நிற்பார். ஆல்பத்தில் எங்காவது தூணுக்குப் பின்னால் பாதி முகம் தெரிந்தால் அதிசயம். அவர் வாய்விட்டுச் சிரித்து வீடியோவில் பதிவானது ஒரே ஒரு தடவைதான். கூட வேலை பார்த்தவர்கள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த புஸ்வாணங்களை அவரே பத்தவைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் திரும்பிச் சிரிக்கிறார். பதினோரு விநாடி. 2009-ல் மாரடைப்பில் அவர் போனபிறகு, அம்மா கேசட்டை ஓட்டி ஓட்டிப் பார்த்ததே அதற்காகத்தான். பிறகு விசிஆர் பழுதானது. ரிப்பேர் செய்ய ஆளில்லை.

மகள் டிவிடியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார். இந்த முறை முதலாளி அண்ணாச்சி இருந்தார். போட்டுப் பார்த்தார். பையனைத் திட்டவில்லை.

“தாயி, ரெண்டு டிஸ்க்கா போட்டுட்டா பிரச்னையே இல்ல. ஒண்ணுல காலை, ஒண்ணுல சாயங்காலம்.”

“அம்மாவுக்கு டிஸ்க் மாத்தத் தெரியாது அண்ணாச்சி. பிளே பட்டன் மட்டும்தான் தெரியும். நான் ஸ்கூலுக்குப் போயிருவேன்.”

“அப்ப மொய் எழுதுறதை வெட்டிருவமா? அதுவே நாப்பது நிமிஷம் ஓடுது.”

அதையும் வீட்டில் கேட்டாயிற்று. அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “மொய் எழுதுனவங்கள்ல பாதிப் பேரு இப்ப இல்ல. வெட்டிட்டு என்னத்தப் பாக்க?”

இரண்டு அடுக்கு டிவிடி என்று ஒன்று உண்டு, 8.5 ஜிபி கொள்ளும். ஆனால் பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்கத் திணறும். ஆக, சாதா டிஸ்க் ஒன்று, 4.7 ஜிபி, அதற்குள் 3 மணி 20 நிமிடம். அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் கணக்கெழுதினார்.

4.7 ஜிபி என்பது சுமார் 3,760 கோடி பிட். படம் ஓடுவது 12,000 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 31 லட்சம் பிட் சொச்சம். இதற்குள் படமும் சத்தமும் சேர்ந்து குடித்தனம் நடத்த வேண்டும். பையன் சத்தத்தைச் சுருக்காமல் அப்படியே பிசிஎம்-ஆக விட்டிருந்தான். அது ஒன்றே விநாடிக்கு 15 லட்சத்துக்கு மேல் தின்றுவிடும். நாதஸ்வரம் பாதி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, மீதியில் கல்யாணமே நடந்திருக்கிறது! அதை டால்பிக்கு மாற்றினால் இரண்டு லட்சத்துக்குள் முடிந்துவிடும். 17 வருஷத்துப் பழைய கேசட் சத்தத்துக்கு அதுவே தாராளம்.

அடுத்தது படத்தின் அளவு. முழு டிவிடி அளவு 720-க்கு 576 புள்ளிகள். ஆனால் விஎச்எஸ் கேசட்டில் குறுக்குவாட்டில் அவ்வளவு விவரமே கிடையாது. இல்லாத விவரத்துக்கு எதற்கு இடம் ஒதுக்க வேண்டும்? டிவிடி முறையிலேயே 352-க்கு 576 என்று பாதி அளவும் உண்டு; எல்லா பிளேயரும் படிக்கும். புள்ளிகள் பாதியாகும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் பங்கு இரட்டிப்பாகிறது. 14 இஞ்ச் டிவியில் வித்தியாசம் தெரியவா போகிறது?

மூன்றாவதுதான் முக்கியம். டிவிடி, விநாடிக்கு வரும் 25 படங்களையும் முழுசாக எழுதிவைப்பதில்லை. அரை விநாடிக்கு ஒரு தடவை போல ஒரு முழுப் படம்; இடையில் எல்லாம் எது மாறியதோ அது மட்டும். மண்டபத்துச் சுவர் அசையாது, செலவில்லை. மொய் எழுதுகிறவர் கை மட்டும்தான் அசையும், சொற்பச் செலவு. புஸ்வாணமோ ஒவ்வொரு படத்திலும் ஆயிரம் பொறிகள், முந்தின படத்தில் இருந்த எதுவும் அடுத்ததில் இல்லை. எல்லாக் காட்சிக்கும் சமபங்கு வைத்தால் அங்கேதான் முதலில் உடையும். (தீபாவளி ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும் வாணவேடிக்கை வீடியோக்கள் கட்டம் கட்டமாகத் தெரிவதும் இதே சங்கதிதான்.)

“சமபங்கு வைக்கக் கூடாதுடா” என்றார் அண்ணாச்சி பையனிடம். “பந்தி மாதிரி. முதல்ல யார் யாரு எவ்வளவு சாப்பிடுவான்னு ஒரு சுத்துப் பாத்துட்டு, அப்புறம் பரிமாறணும்.” விபிஆர், டூ பாஸ் என்று சாஃப்ட்வேரில் இருப்பது இதைத்தான். முதல் சுற்றில் எதையும் எழுதாமல் முழுப் படத்தையும் அளக்கும். இரண்டாம் சுற்றில் மொய்க்காட்சியில் மிச்சம் பிடித்ததை வாணவேடிக்கைக்குக் கொடுக்கும். சராசரி 28 லட்சம், உச்சம் 80 லட்சம் என்று வைத்தார். சட்டப்படி 98 லட்சம்வரை போகலாம்; வீட்டில் ரைட் பண்ணின டிஸ்க்கில் அவ்வளவு ஏற்றினால் சில பிளேயர்கள் திக்கும். பழைய கேசட்டின் புள்ளிப்புள்ளி இரைச்சலையும் கொஞ்சம் வடிகட்டினார். இல்லாவிட்டால் அதையும் அசைவு என்று நினைத்து பிட்டை வீணாக்கும்.

இவ்வளவும் யோசிக்க அரை மணி. செய்து முடிக்க மூன்று நாள்! அந்த வருஷக் கரன்ட் கட்டு யாருக்கு மறக்கும்? ஏழு மணி நேர வேலை. யுபிஎஸ் தாங்காமல் இரண்டு தடவை பாதியில் நின்றது. மூன்றாவது ராத்திரி அண்ணாச்சி வீட்டு இன்வெர்ட்டர் கடைக்கு வந்தது.

டிஸ்க்கைக் கொடுக்கும்போது, “அடுத்த பட்டனை ரெண்டு தடவை அமுக்கச் சொல்லு தாயி, நேரா மாப்பிள்ளை அழைப்புல நிக்கும். கேசட்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க, டிவிடியும் ஒருநாள் போகும்” என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா பட்டனை இரண்டு தடவை அமுக்கினார். புஸ்வாணம் எழுந்தது. பொறிகளின் ஓரத்தில் லேசான கலங்கல் இருக்கத்தான் செய்தது. நடுவில் அப்பா திரும்பினார், சிரித்தார். மூக்கின் மேலே அந்தத் தழும்புகூடத் தெரிந்தது. பின்னாலேயே பத்தாயிரம் வாலா சரவெடி. 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டபிறகு, அந்தத் தெருவில் அப்படியொரு காட்சி இந்த டிஸ்க்கில்தான் மிச்சம்.

அம்மா நாலு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, “எல்லாம் சரிதான். வெடிச் சத்தம்தான் கம்மியா இருக்கு, அந்த அண்ணாச்சிகிட்ட சொல்லு” என்றார்.