மடியாத இழை

புரதம் என்றால் அது மடிந்து ஓர் உருவம் கொள்ளும், அந்த உருவமே அதன் வேலையைத் தீர்மானிக்கும் என்று பாடம் படித்தவர்கள் நாங்கள். எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டு-சாவி உவமை அத்தனை ஆழமாக எங்களுக்குள் இறங்கியிருந்தது. தேனீக்களைப் பற்றி வாசிக்கப் புகுந்தபோதுதான், உருவமே கொள்ளாத ஒரு துண்டை நடுவில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் புரதம் ஒன்றைச் சந்தித்தோம்.

அதன் பெயர் விட்டெலோஜெனின். முட்டையின் கருவுணவுக்கான புரதம். முட்டையிடும் உயிர்கள் பலவற்றில் உண்டு. தேன்கூட்டிலோ, வழக்கமாக முட்டையே இடாத வேலைக்காரத் தேனீயின் உடலிலும் இது மிகுதியாக உண்டாகிறது. புழுக்களுக்கு ஊட்டும் கூழுக்கு இதுவே மூலப்பொருள். கூட்டுக்குள் இருந்து ஊட்டும் செவிலித் தேனீயிடம் மிகுந்தும், பூ தேடி வெளியே செல்லும் தேனீயிடம் குறைந்தும் இருக்கும். 2007இல் வெளிவந்த ஒரு சோதனையில் இதன் உற்பத்தியை அடக்கியபோது, தேனீக்கள் உரிய வயதுக்கு முன்னரே வெளியே பறக்கத் தொடங்கின. விரைவில் இறந்தும் போயின.

1770 அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சங்கிலி இது. ஒரு முனையில் பீப்பாய் போன்ற பகுதி. அதையடுத்துச் சுருள்கள் அடுக்கிய பகுதி. இரண்டுக்கும் நடுவே செரின் என்னும் அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும் ஓர் இழை. இவ்விழைதான் எந்த வடிவத்திலும் நிலைப்பதில்லை.

நிலைப்பதில்லை என்றால் என்ன பொருள்? எங்களுக்கு அதை விளங்கவைத்தது ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். ஆனால் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காத கோணங்கள் சிலவே. அனுமதிக்கப்பட்ட அந்த நிலங்களை மூவரும் தாளில் வரைந்து காட்டினார்கள். மடிந்த புரதத்தில் ஒவ்வொரு கண்ணியும் தனக்கென ஒரு புள்ளியில் அமர்ந்துவிடுகிறது. மடியாத இழையின் கண்ணியோ அனுமதிக்கப்பட்ட நிலமெங்கும் அலைகிறது. விதியை மீறுவதில்லை, ஓரிடத்தில் தங்குவதில்லை, அவ்வளவே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடையில் புழங்கும் ஓசூரில் இருந்துகொண்டு இதை வாசிக்கையில் மனம் உடனே உவமை தேடுகிறது. வேண்டாம், புரதம் புரதமாகவே இருக்கட்டும்.

இவ்விழையில்தான் புரதம் வெட்டுப்படுகிறது. இறுக மடிந்த பகுதியை நொதியால் எளிதில் பற்ற இயலாது. அவிழ்ந்து கிடக்கும் இழை அதற்கு வாகானது. அப்படியானால் புரதம் உருவான மறுகணமே அறுந்துவிட வேண்டாமா? செரின்களின் மேல் பாஸ்பேட் ஏறிக்கொள்வது இழையை வெட்டிலிருந்து காக்கிறது என்று ஹாவுகைனென், ஆம்தம் முதலியோர் 2012இல் காட்டினர். பீப்பாய்ப் பகுதி உட்கருவுக்குள் சென்று டி.என்.ஏ.வுடன் இணைவதை 2022இல் வந்த ஓர் ஆய்வு பேசுகிறது. ஆக, உணவாகச் சேமிக்கப்படும் அதே பொருள் கட்டளையாகவும் ஆகக்கூடும் போலும். 2024இன் வேதியியல் நொபேலில் இடம்பெற்ற ஆல்ஃபாஃபோல்டு வரையும் படங்களில் இத்தகைய இழைகள் பிரிந்த நூல்போலத் தொங்கும், நம்பகம் குறைவு என்பதற்கான நிறத்தில். பார்ப்பவர் கண் அவற்றைத் தாண்டி அழகிய சுருள்களுக்குச் சென்றுவிடுகிறது.

கிருஷ்ணகிரியை அடுத்த ஒரு மாந்தோப்பில் நாங்கள் நான்கு அடுக்குத் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தோம். மேற்சொன்ன ஆய்வுகள் ஐரோப்பியத் தேனீயில் நடந்தவை. எங்களுடையது நாட்டுத் தேனீ. மாம்பூவுக்குத் தேனீயைவிட ஈக்களே அதிகம் வரும் என்பார்கள் தோப்புக்காரர்கள், அதில் உண்மையுண்டு. எனினும் வந்தன. பூ உச்சத்தில் இருந்த தை மாதத்தில் பக்கத்துத் தோப்பில் மருந்தடித்தார்கள். வெளியே சென்றவற்றில் பெரும்பகுதி திரும்பவில்லை. முதிர்ந்தவை குறைந்தால் இளையவை வயதுக்கு முன்பே அந்த வேலையை ஏற்கும். விட்டெலோஜெனினும் அவற்றின் உடலில் இறங்கிவிடும். அடுத்த வாரம் பெட்டி வாயிலில் பறந்தவை உடல்ரோமம் உதிராத, வெளிறிய தேனீக்கள். உள்ளே அடைகளில் புழுக்கள் இருந்தன, ஊட்டுவதற்குப் போதிய தேனீக்கள் இல்லை. பங்குனிக்குள் இரண்டு பெட்டிகள் காலியாயின.