வயிற்றைக் கீறிப் பார்க்கிற பழக்கம்

மீனைத் துப்புரவாக்கும்போது குடலோடு சேர்த்து இரைப்பையையும் வாளிக்குள் எறிவதுதான் வழக்கம். நான் எறிவதில்லை. பலகையின் ஓரமாக ஒதுக்கிவைத்து, வெட்டுவேலை முடிந்த பின் சின்னக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் கீறி, உள்ளே கிடப்பதை வெள்ளைக் கோப்பையில் கொட்டித் தண்ணீர் விட்டு அலசுவேன். வீட்டில் இதற்குக் கடும் எதிர்ப்பு. ஆகவே ஆராய்ச்சியெல்லாம் கராஜுக்குள்தான். சிம்கோ ஏரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பாதி அந்தக் கோப்பையில் கண்டது.

யாழ்ப்பாணத்துப் பாசையூர் மீன்சந்தையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒன்ராறியோவின் ஏரிகள் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சுற்றிச் சுற்றி அதே சில மீன்கள். வடக்கே போகப் போக இன்னும் குறையும். பாறைக்கு நடுவே கிடக்கும் சிறிய ஏரிகள் சிலவற்றில் இனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் எளிது. 10,000, 12,000 ஆண்டுகளுக்கு முன்பு பனிப்பாறை உருகிப் பின்வாங்கிய பிறகுதான் இந்த ஏரிகளே பிறந்தன. உருகிய நீர் ஓடிய வழிகளில் நீந்தி வந்து சேர்ந்தவை மட்டுமே இங்கே குடியிருக்கின்றன. இனம் கூடுவதற்கு இது போதிய காலமில்லை. ஆனால் வந்து சேர்ந்த சில இனங்கள் சாப்பாட்டைப் பங்குபோட்டுக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைப் பார்க்கத் தொடங்கினால் ஏரி வேறாகத் தெரியும்.

வைட்ஃபிஷ்ஷையும் சிஸ்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் வெள்ளிநிறம். புதிதாக வருகிறவர்கள் ஒன்றை மற்றது என்று நினைத்துவிடுவதுண்டு. வாயைப் பார்த்தால் போதும். வைட்ஃபிஷ்ஷின் வாய் மூக்குக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி இருக்கும். சிஸ்கோவின் வாய் நேர்முன்னே திறக்கும். செவுள்மூடியைத் தூக்கினால் இன்னொரு வேறுபாடு: சிஸ்கோவின் செவுள் வளைவில் மெல்லிய முட்கள் நீண்டு, சீப்புப் பல்போல நெருக்கமாக நிற்கும். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளை அரித்தெடுக்க அது. வைட்ஃபிஷ்ஷில் அந்த முட்கள் குட்டையாகவும் இடைவெளியோடும் இருக்கும். அதன் இரைப்பையை வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலே உள்ளே நறநறக்கும். சின்ன நத்தை, பட்டாணியளவுச் சிப்பி எல்லாவற்றையும் ஓட்டோடு விழுங்கி வைத்திருக்கும். ஆகவே வைட்ஃபிஷ்ஷுக்குத் தூண்டில் போடும்போது ஈயத்தை அடியில் தட்டவிட்டுச் சேற்றைக் கொஞ்சம் கிளப்புகிறோம். நடுநீரில் தொங்கவிட்டால் அது ஏறெடுத்தும் பாராது.

சிஸ்கோவின் இரைப்பைக்குள் சில காலங்களில் பழுப்புநிறத்தில் ஒரு முள்ளுருண்டை கிடக்கும். தண்ணீரில் கரைத்தால் நூற்றுக்கணக்கான நீள வால்முட்களாகப் பிரியும். முள்வால் நீர்த்தெள்ளு. கப்பல்களின் அடிநீரோடு ஐரோப்பாவிலிருந்து 1980களில் பேரேரிகளுக்கு வந்து, பிறகு உள்நாட்டு ஏரிகளுக்கும் பரவியது. குஞ்சு மீன்களால் அந்த முள்ளை விழுங்க முடியாது. அவற்றுக்கு உணவான உள்ளூர்த் தெள்ளுகளை இது தின்றுவிடும். வளர்ந்த சிஸ்கோ இதையே சாப்பாடாக்கிக்கொண்டது. வந்தேறி ஒருவருக்குப் பஞ்சமும் இன்னொருவருக்குப் பந்தியுமாகிப் போனதை ஒரு கரண்டியளவு முள்ளில் பார்க்கலாம்.

பேர்ச் இன்னொரு வகை. ஒரே மீன் வயதுக்கு வயது தொழில் மாற்றும். குஞ்சில் நுண்ணுயிரி, கொஞ்சம் வளர்ந்ததும் சேற்றிலுள்ள சிவந்த புழுக்களும் பூச்சிக்குடம்பிகளும், பெரிதானதும் சின்ன மீன். தன் இனக் குஞ்சையும் விடாது. ஒரே பனித்துளையில் பிடித்த இரண்டு பேர்ச்சுகளில் ஒன்றின் வயிற்றில் சிவந்த புழுக்களும் மற்றதன் வயிற்றில் அரைகுறையாய்க் கரைந்த கோபி மீனும் கிடந்ததைப் பார்த்த பிறகு, பெரிய பேர்ச் வேண்டுமென்றால் புழுவை மடித்து வைத்துவிட்டு மினுங்கும் தகட்டை இறக்குவேன். ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுத்தால் பேர்ச்சின் காற்றுப்பை விரிந்து இரைப்பை வாய்வழியே பிதுங்கிவிடும். அப்படி வந்ததைத் திருப்பி விட்டால் பிழைப்பது அரிது. ட்ரவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் காற்றுப்பை தொண்டையோடு தொடுத்திருப்பதால் ஏறும் வழியிலேயே குமிழிவிட்டுக் காற்றைக் கழித்துவிடும். பனித்துளையில் குமிழிகள் முதலில் வந்தால் பின்னால் ட்ரவுட் வருகிறது என்று அர்த்தம்.

லேக் ட்ரவுட்தான் இந்த நாடகத்தின் தலைவன். அது குளிர்நீர் விரும்பி. 10 பாகை செல்சியஸ் அளவில்தான் அதற்குச் சுகம். கோடையில் மேல்நீர் சூடேறியதும் ஆழத்துக்கு ஒதுங்கிவிடும். குளிர்காலத்தில் ஏரி முழுதும் குளிர்ந்து கிடப்பதால் கரையோரம் வரைக்கும் உலாவும். சிம்கோவின் மிக ஆழமான இடம் ஏறத்தாழ 41 மீட்டர். அங்கேதான் ட்ரவுட் இருக்கும் என்று பெப்ரவரியிலும் ஆழத்தையே துளைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. இரையை அது தலைப்பக்கமாக விழுங்கும். தலைதான் முதலில் கரையும், வால் மிஞ்சும். மிஞ்சிய வாலை வைத்துச் சிஸ்கோவா பேர்ச்சா என்று கண்டுபிடிப்பது ஒரு கலை. வாலும் போய்விட்டால் முதுகெலும்பும் காதுக்கல்லும்தான் கதி.

இதே ட்ரவுட் ஏரிக்கு ஏரி வேறு ஆளாகும். அல்கொன்குயின் பூங்காவின் ஒப்பியாங்கோ ஏரியில் 1936இலிருந்து ஹார்க்னஸ் ஆய்வகம் மீன்களைக் கவனித்து வருகிறது. 1948இல் அந்த ஏரியில் சிஸ்கோவைக் கொண்டுவந்து விட்டார்கள். கொழுத்த இரை கிடைத்ததும் ட்ரவுட்டுகள் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தன, பருவமடையவும் கூடுதல் காலம் எடுத்தன. அப்படி இரைமீன் இல்லாத ஏரிகளில் அதே இனம் நுண்ணுயிரிகளைத் தின்று சின்னதாகவே காலந்தள்ளும். சுப்பீரியர் ஏரியில் இன்னும் ஒருபடி மேலே போய், கொழுப்பேறிய உடலோடு ஆழ்நீரில் வாழும் சிஸ்கோவெட் என்றொரு வடிவமே உருவாகிவிட்டது. வடமேற்கில் பெருங்கரடி ஏரியின் ஆழமற்ற நீரிலேயே பல வடிவ ட்ரவுட்டுகள் உண்டு. இனக்கணக்கில் எல்லாம் ஒன்றே. வாயும் உடம்பும் சாப்பாடும் வேறு.

வயிறு கடைசி வேளைச் சாப்பாட்டைத்தான் சொல்லும். பெரிய இரைதின்னிகளின் வயிறு பல வேளைகளில் வெறுமையாகவும் கிடக்கும். ஆய்வாளர்கள் தசையிலுள்ள கார்பன், நைட்ரஜன் ஓரிடத்தான்களை அளந்து மாதக்கணக்கான சாப்பாட்டைக் கணிப்பார்கள்: கார்பன் கரையோர உணவா நடுநீர் உணவா என்று காட்டும், நைட்ரஜன் சங்கிலியில் எந்தப் படி என்று காட்டும். 1999இல் வெளியான ஓர் ஆய்வு ஒன்ராறியோ ஏரிகளில் இதைச் செய்து பார்த்தது. ஸ்மால்மௌத் பாஸ் புகுந்த ஏரிகளில் கரையோரச் சின்ன மீன்களை அது முந்தித் தின்றுவிட, ட்ரவுட்டுகள் நுண்ணுயிரிக்கு இறங்கியிருந்தன. மிஞ்சிய இரைமீனை வாளியோடு ஏரியில் கவிழ்த்துப் புது இனங்களுக்கு வழிதிறந்துவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குள்ள கோபத்துக்கு இதுதான் காரணம். அது சட்டப்படியும் குற்றம். அல்கொன்குயினுக்குள் உயிருள்ள மீன் இரையைக் கொண்டுபோகவே தடை.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன்பிடித் தொழில் செய்த அண்ணை ஒருவர் குளிர்காலத்தில் என்னோடு வருவார். முதன்முதலாக பர்பட் ஏறியபோது, "உதென்ன தம்பி, விலாங்கோ?" என்றார். நீண்ட வழவழத்த உடம்பு, தாடையில் ஒற்றை மீசை. காட் குடும்பத்தில் நன்னீருக்கு வந்து தங்கிய ஒரே மீன். மற்றவை சோர்ந்திருக்கும் நடுக்குளிரில், பனிக்கு அடியில், இரவில்தான் கூடி முட்டையிடும். இரை தேடுவதும் இருட்டிய பிறகுதான். வயிற்றைக் கீறினால் மீன், கிரேஃபிஷ், சிலவேளை ஒரு கூழாங்கல். பக்கத்துப் பனிக்குடில்காரர்கள் அருவருத்து எறிய, அண்ணை மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பு வைத்தார்.

அவருக்குப் பெரிய ட்ரவுட் என்றால் தலைக்காகவே ஆசை. அங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம். பாதரசம் படிப்படியாக ஏறும் பொருள். நுண்ணுயிரியைத் தின்னும் மைசிஸ் இறால், அதைத் தின்னும் சிஸ்கோ, அதைத் தின்னும் ட்ரவுட் என்று சங்கிலி நீளமான ஏரிகளில் உச்சியிலிருக்கும் மீனில் அது கூடுதலாகச் சேரும். மீன் பெரிதாகவும் வயது போகவும் இன்னும் கூடும். மாகாண அரசின் வழிகாட்டியில் ஏரி, இனம், நீளம் வாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று இருக்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிக்கணக்கு. காட்டினேன்.

"அப்ப பெரிசை விட்டிட்டுச் சின்னனைத் தின் எண்டுறியோ?"

"ஓம் அண்ணை."

இப்போது பெரிய ட்ரவுட் ஏறினால் படமெடுத்துவிட்டு விடச் சம்மதிக்கிறார். பர்பட்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க மட்டும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே விடுகிறாரில்லை.