குகையும் வண்ணக்கோலும்

சிறுவர் கையில் ஒரு தாளையும் சில வண்ணக்கோல்களையும் கொடுப்பின், அவர் அடையும் களிப்பிற்கு அளவில்லை. அத்தாளில் குகையொன்று வரையப்பட்டு, அதற்குச் செல்லும் வழி பல கிளைகளாய்ப் பின்னிக் கிடக்குமாயின், அவர்தம் ஊக்கம் பன்மடங்காகும். இதனை வெறும் பொழுதுபோக்கென்று பெரியோர் ஒதுக்குதல் உண்டு. ஆயினும், இதனுள் கற்கத்தக்க பொருளொன்று உளதென்பது என் துணிபு.

சென்ற கோடையில், விடுமுறை வேதாகமப் பள்ளியொன்றில் சிறுவர்க்குத் துணைநிற்கும் பணி எனக்கு வாய்த்தது. சவுலுக்குத் தப்பியோடிய தாவீதை அதுல்லாம் குகையிற் சேர்ப்பதே ஒருநாட் புதிர். வழி கண்டபின் குகைக்கு வண்ணந் தீட்டுதல் வேண்டும். ஒரு சிறுவன் குகை முழுவதையும் கரியதாக்கினான். அருகிருந்த சிறுமி பச்சையும் சிவப்பும் பூசினாள். "குகைக்குள் இருட்டுத்தானே?" என்று அவன் நகைத்தான். "உள்ளே படம் இருக்கக்கூடாதா, அக்கா?" என்று அவள் என்னை நோக்கினாள்.

படமுள்ள குகையொன்றை யான் கண்டிருந்தேன். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலே அது. மலையைக் குடைந்தமைத்த அச்சமணக் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகமொன்று தீட்டப்பட்டுள்ளது. மீன்கள் பிறழ, அன்னங்கள் உலவ, யானையும் எருமையும் நீர் படிய, ஆடவர் மலர் கொய்கின்றனர். சுண்ணத்தால் வெண்மையும், கரியால் கருமையும், காவிக்கல்லால் செம்மையும் மஞ்சளும் அமைத்தனர் அக்காலத்து ஓவியர். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அக்கோயிலைப் புதுக்கினாரென அங்குள்ள கல்வெட்டுக் கூறும். இவற்றைச் சொல்லி, ஓவியத்திற் பெரும்பகுதி உதிர்ந்துபோயிற்று என்றேன். உடனே அச்சிறுமி, "விட்டுப்போன இடத்திலே நாம் வண்ணம் தீட்டிவிடலாமே!" என்றாள்.

வினா எளிது; விடை எளிதன்று. தாளிலுள்ள வெற்றிடம், நிரப்புக என்று நம்மை அழைப்பது. பழஞ்சுவரிலுள்ள வெற்றிடமோ, இங்கிருந்தது மறைந்தது என்று சான்று பகர்வது. அதன்மேல் நம் மனம்போனவாறு தீட்டின், காணாததைக் கண்டதாகக் கூறும் பொய்ச்சாட்சியாய் முடியும். இதனையே அவளுக்கு விளங்கும் சொற்களாற் கூறினேன்.

அம்மலையின் மற்றொரு பக்கத்தில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உளது. அங்குத் துறவியர்க்கென வெட்டிய 17 கற்படுக்கைகளுள் ஒன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று காணப்படும். இத்தகைய குகையெழுத்துக்கள் நெடுங்காலம் அறிஞர்க்குப் புதிராகவே இருந்தன. பிராகிருத மொழியெனக் கொண்டாரும் உளர். ழ, ள, ற, ன என்னும் தமிழுக்குரிய எழுத்துக்கள் அவற்றுள் இருத்தலைக் காட்டி, அவை தமிழே என 1924இல் நிறுவினார் கே. வி. சுப்பிரமணிய ஐயர். தாம் விரும்பியதை அக்கல்லின்மேல் ஏற்றாது, கல்லில் உள்ளதை உள்ளவாறு கண்டமையே அவர்தம் வெற்றிக்குக் காரணம்.

ஏட்டுச்சுவடிகளுக்கும் இதுவே நெறி. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பெரும்புலமை வாய்ந்தவர். ஆயினும் தாமே பாப்புனைந்து அவ்விடத்தை நிரப்பினாரல்லர். அவ்வெறுமையே அந்நூலின் ஏனைப் பாட்டுக்களை நாம் நம்புதற்கு ஏதுவாகின்றது.

இந்நாளிற் பழங்குகைகளைக் காணச் செல்வோர் சிலர், பாறையில் தம் பெயரைக் கீறி மீள்கின்றனர். ஈராயிரம் ஆண்டு நின்ற எழுத்து ஓர் ஆணிமுனையால் அழியக்கூடும். சமயம் வேறாயினும், அக்கல்லிற் பொறித்த மொழி நம் மொழியே. அதனைக் காக்கும் கடமையும் நம்மதே. நிரப்பற்குரிய இடம் இது, விடற்குரிய இடம் அது என்னும் பகுத்தறிவை இளமையிலேயே ஊட்டுதல் வேண்டும். அதற்கு, நன்கு கற்பிப்பார் அருகிருப்பின், ஒரு தாளும் சில வண்ணக்கோல்களுமே போதும்.