விருதுநகரில் குளிர்ந்த காற்று

விருதுநகரில் குளிர்ந்த காற்று வேண்டுமென்றால் இரண்டே வழிதான். ஒன்று, மார்கழி வரை காத்திருக்க வேண்டும். இன்னொன்று, பாங்குக்குப் போய், ஏதோ வேலை இருப்பவர் போல ஒரு சலானைக் கையில் பிடித்துக்கொண்டு ஏ.ஸி.க்கு அடியில் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் என் மச்சினன் மகன். எனக்கு அல்ல சார், என் காருக்கு!

நான் காலண்டர், டைரி ஏஜென்ட். வீடு விருதுநகர், பிழைப்பு சிவகாசி. ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக நானும் என் பதினோரு வயது பெட்ரோல் காரும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்போம். ஒருநாள் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிற அந்த மருமகப் பிள்ளை பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, வண்டிக்கு மூச்சுத் திணறுது. கோல்டு ஏர் இன்டேக் போடணும்."

பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை. இன்ஜின் குடிப்பது பெட்ரோலை மட்டுமல்ல, காற்றையும்தான். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டுமாம். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று! (நல்லவேளை, அதற்கு இன்னும் பங்க் வைக்கவில்லை.) காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும், 3 டிகிரி குறைந்தால் சுமார் 1 சதவீதம். அடர்த்தியான காற்று போனால் அதற்கேற்ப பெட்ரோலும் போகும், சக்தி கூடும். கம்பெனி வைத்த பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒரு குழாயும் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும் மாட்டினால் தீர்ந்தது. கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் உபயோகிக்கலாம்.

"எவ்வளவுடா?"

"ஒன்பதாயிரத்து ஐந்நூறுதான் மாமா."

அந்த 'தான்' இருக்கிறதே, அதில்தான் எத்தனை குடும்பங்கள் கவிழ்ந்திருக்கின்றன!

சித்திரை மாசம் மாட்டினோம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வண்டி 'ஹ்ஹ்ஹூம்' என்று உறுமியது. அது வரைக்கும் என்னைக் கண்டு ஒதுங்காத ஆடு மாடெல்லாம் ஒதுங்கின. எனக்கு வயது பத்துக் குறைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். லிட்டருக்குப் பதினாறு கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பதினைந்துக்கு வந்தது. "அது உங்க கால் பண்ற வேலை மாமா" என்றான் பிள்ளை. உண்மைதான். ஆனால் அந்தக் காலுக்குச் சாவி கொடுத்தது சத்தம்.

பிள்ளை நேர்மையானவன். காரில் ஒரு சின்னக் கருவியைச் சொருகி, இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டைச் செல்போனில் காட்டினான். ஒரு ரயில்வே கேட்டில் நின்றோம். வெளியே 39 டிகிரி. உள்ளே போன காற்று? 62! கோல்டு ஏர் இன்டேக் கொதிக்கக் கொதிக்கக் குடித்துக்கொண்டிருந்தது. காரணம் லேசானதுதான். கூம்பு உட்கார்ந்திருந்த இடம் இன்ஜினுக்குப் பக்கத்தில், மறைப்பு ஏதும் இல்லாமல். கம்பெனிக்காரன் வைத்த பழைய பெட்டியோ, முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதாவது, என் கார் பிறந்ததிலிருந்தே கோல்டு ஏர் இன்டேக்கோடுதான் இருந்திருக்கிறது!

"வண்டி ஓடறப்போ 44க்கு வந்துருது மாமா..." என்று இழுத்தான். ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆயிற்றே, நானும் கழற்ற மனசில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடி வந்தது. ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். எங்கள் தொழிலுக்கு அதுதான் பொங்கல். கரிசல் காட்டில் ஆடிக் காற்று அடித்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். எதிரே வருகிற பஸ்ஸை ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் புழுதியில், ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பட்டாசு ஆலைக்கு ஆர்டர் கேட்கப் போனேன். வியாபாரிகளுக்குக் கொடுக்க வருஷா வருஷம் காலண்டர் அடிப்பார்கள்.

வண்டியை வெளியே நிறுத்தி, செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். ஃபோர்மேன் அண்ணாச்சி வாசலுக்கே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் மருந்தோடு வாழ்ந்தவர்.

"என்ன தம்பி, வண்டி உறுமுது? வெடிக்கே நாலு மீட்டர் தூரத்துல 125 டெசிபல்தான் அனுமதி. உங்க வண்டிக்கு லைசென்ஸ் உண்டா?"

பெருமையாகப் பானெட்டைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் குழாயைக் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான காற்று போக வேண்டிய பக்கம், விரலை விட்டு ஒரு துடை துடைத்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

விரல் நுனியில் கரிசல் மண்!

"வடிகட்டியைத் தாண்டி வந்திருக்கு. இது இன்ஜினுக்குள்ள போயி என்ன செய்யும்? உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரி தேய்க்கும். இன்னைக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சுப் புகை கக்குறப்போ தெரியும்."

எங்கே விட்டது? கூம்பின் வலை வழியாகவா, குழாய் இணைப்பின் இடுக்கு வழியாகவா? தெரியவில்லை. எந்த வழியாக வந்தால் என்ன, வந்துவிட்டதே.

"நாங்க மருந்தைச் சலிச்சுத்தான் எடுப்போம் தம்பி. ஒரு மணல் கலந்துட்டாக்கூட உராய்வு. உராய்ஞ்சா..." அவர் முடிக்கவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் போனார்களே, அந்த வருஷத்திலிருந்து எங்கள் பக்கத்தில் அந்த வாக்கியத்தை யாரும் முடிப்பதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "கரிமருந்துல வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. வெடிக்கு வேண்டிய மூச்சு வெடியுப்புலயே இருக்கு. அதைக் கூட்டிப் போட்டா இன்னும் நல்லா வெடிக்கும்னு புதுசா வர்ற பயலுக நெனைப்பானுக. அளவு தப்புனா புஸ்ஸுன்னு போயிரும். அது மாதிரி, ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்காரக்கூடாதும்பாங்க. அஞ்சாவதா ஒருத்தன் உக்காந்தா வேலை சீக்கிரம் முடியும்தான். லாபம் தினம் தினம் தெரியும் தம்பி. நஷ்டம் ஒரே ஒரு நாள்தான் வரும்."

எனக்குக் கை நடுங்கியது. என் கார் வெடித்துவிடப் போவதில்லை. அவர் சொன்ன கணக்கை நான் போடவே இல்லையே என்றுதான்.

வீட்டுக்கு வந்து பிள்ளையும் நானும் ஒரு டைரியில் கோடு கிழித்து எழுதினோம். (ஏஜென்ட் வீட்டில் டைரிக்கா பஞ்சம்!) வரவு: நல்ல சத்தம், கழுவிப் போடும் ஃபில்டர், மறைப்பும் குழாயும் சரியாக அமைந்தால் முழு வேகத்தில் கொஞ்சம் சக்தி. செலவு: புழுதி. கழுவிய ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால், சில கார்களில் காற்றை அளக்கும் சென்ஸார் கெடும். குளிர்ந்த காற்றுக்கென்று குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்கினால், தேங்கிய தண்ணீரையும் அது உறிஞ்சும். பிஸ்டனால் காற்றை அமுக்க முடியும், தண்ணீரை அமுக்க முடியாது, ராடு வளைந்துவிடும். மழையே இல்லாத ஜில்லாவில் அந்தப் பயம் எதற்கு என்றேன். "2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சதே மாமா, அது என்ன சிரபுஞ்சியா?" என்றான். மேலும், ஆர்.சி. புத்தகத்து விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. ஃபில்டர் அதில் அடங்குமா என்று இன்ஷூரன்ஸ்காரரோடு வாதாடுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு இந்தச் சாமான் நியாயம். அவருக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு முக்கியம். இன்ஜினையும் அடிக்கடி பிரித்துப் பார்ப்பார். ஆமத்தூர்ப் புழுதியில் காலண்டர் விற்கிறவனுக்கு எதற்கு?

பழைய பெட்டியைத் தேடினோம். காணோம். கடைசியில் மொட்டை மாடியில் கிடைத்தது. என் மனைவி அதில் புதினா வளர்த்துக்கொண்டிருந்தாள்! "குடுக்க முடியாது. இப்பத்தான் துளிர் விட்டிருக்கு" என்றாள். அரைமணி நேரப் பேச்சுவார்த்தை. பெட்டியைக் கழுவி, 350 ரூபாய்க்குப் புதுக் காகித ஃபில்டர் வாங்கி மாட்டினோம். அதே ரயில்வே கேட், அதே மாதிரி வெயில். 51 டிகிரி!

"எதையும் கழட்டறதுக்கு முன்னாடி, அது எதுக்கு இருக்குன்னு கேட்டிருக்கணும் மாமா" என்றான் பிள்ளை. ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இந்தப் படிப்பு மலிவுதான். அவன் காலேஜில் இதைவிட அதிகம் வாங்குகிறார்கள்.

அந்தப் பளபளக் குழாய் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மண் நிரப்பி, மாடியில் நிற்க வைத்திருக்கிறாள். புதினா இப்போது அதில்தான். அமோகமாக மூச்சு விடுகிறது!