பிரட்டு மணியும் தாத்தாவின் கைக்கடிகாரமும்

மலையகத் தோட்டங்களில் நேரம் எல்லோர்க்கும் உரிய பொருளாக இருந்ததில்லை. விடியுமுன் தப்பின் ஒலி லயங்களை எழுப்பும். பிற்காலத்தில் அவ்விடத்தை மணியும் சங்கும் பிடித்துக்கொண்டன. பிரட்டுக் களத்திலே பெயர் கொடுக்கும் வேளையை அதிகாரியின் கடிகாரமே தீர்மானித்தது. பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படுவர். அல்லது அன்றைய உழைப்புக்கு அரைப்பேர் விழும். பிந்தியது உண்மையா என்று கேட்பதற்கு உழைப்பாளியிடம் வேறொரு கடிகாரம் வேண்டும். அது பெரும்பாலும் இருந்ததில்லை. கடிகாரம் எவர் கையில் இருந்ததோ, நேரமும் அவர் கையிலேயே இருந்தது.

தெமோதரைக்குப் பிறிதொரு கடிகாரமும் வாய்த்தது. 1924இல் பதுளை வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின், வண்டியின் ஊதல் கேட்டு நேரம் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்து லயங்களில் உண்டாயிற்று. தெமோதரை நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் வண்டி குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே மீண்டும் வெளிப்படும். சரிவை நேரே இறங்கினால் வண்டி தாங்காது என்பதால், பாதையை நீட்டிச் சுருட்டி இறக்கத்தைத் தணித்தார்கள். இந்தச் சுருளைச் சிறுவயது முதலே பார்த்து வளர்ந்தவன் நான். இதற்கு உறவான வேறொரு சுருளைத் தாத்தாவின் கைக்கடிகாரத்துள் காண்பேன் என்று நினைத்ததில்லை.

தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய தமையனார் 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று, எழுபதுகளில் தலைமன்னார் வழியாகக் கப்பலேறினார். சில ஆண்டுகளின் பின், ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் கையில் அவர் கொடுத்தனுப்பியதே இந்தக் கடிகாரம். 1961இல் யப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து பெங்களூரிலே கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் தயாரிப்பு. பதினேழு கற்கள் பதித்தது. நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டியது. அண்ணனும் தம்பியும் பின்னர் ஒருவரையொருவர் கண்டதில்லை.

தொழிற்சாலையில் நேரம் ஒரு மூலப்பொருள் என்றே சொல்லலாம். உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைத்தபின் அது பதமாகும் நேரம் கூடினாலும் குறைந்தாலும் மணமும் நிறமும் மாறிவிடும். ஊவாவின் தேயிலைக்குப் பெயர் தேடித்தரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் இக்கவனம் இன்னும் கூடும். எனினும் தாத்தா அந்தக் கடிகாரத்தைக் கட்டிச் சென்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. வேலைக்குப் புகுந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் ஒரு சிறு கொப்பியில் எழுதி வந்தார். மாத முடிவில் மேலதிக நேரக் கணக்கு குறைந்திருந்தால் அந்தக் கொப்பியோடு காரியாலயத்துக்குப் போவார். ஒவ்வொரு முறையும் வென்றார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கொப்பி வந்தபின் கணக்கெழுதுவோர் சற்று நிதானித்தார்கள் என்று அப்பாயி சொல்வார்.

1996 மே மாதத்தில், மின்சாரத்தைச் சேமிக்கவென்று இலங்கையின் நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்னிழுக்கப்பட்டது. பழைய நேரம், புதிய நேரம் என்ற இரு சொற்கள் வீட்டுப் பேச்சில் புகுந்தன. அப்போது ஓய்வு பெற்றிருந்த தாத்தா தமது கடிகாரத்தைத் தொடவில்லை. 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கே திரும்பியபோது, "நாடு என் நேரத்துக்கு வந்து சேந்துருச்சு" என்று சிரித்தாராம். அவர் மறைந்தபின் கடிகாரம் தகரப் பெட்டிக்குள் போயிற்று. சாவி கொடுத்தாலும் ஓடாத நிலையை அடைந்தது.

சென்ற விடுமுறையில் அதைத் திறக்க முனைந்தேன். "தெறந்தா மூடத் தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டார் அப்பாயி. வேண்டிய அறிவைப் படித்தும், பதுளையில் கடிகாரம் திருத்தும் ஒருவரின் அருகில் சில நாள் அமர்ந்து பார்த்தும் பெற்றிருந்தேன். வெள்ளைத் தாள், நுண்ணிய திருகாணிச் செலுத்தி, சாமணம், உருப்பெருக்கி, கழற்றிய வரிசைப்படி உறுப்புகளை இட்டுவைக்கக் குழிகளுள்ள ஒரு தட்டு. இவையே என் பட்டறை.

முதலில் விசைச்சுருளின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். தடைநாக்கை விலக்கி, சாவியை விரல்களுக்கிடையே மெல்லச் சுழலவிடுவது அது. இறுக்கம் இருக்கும்போதே விடுவிப்பு நெம்பை எடுத்துவிட்டால், சேர்ந்திருந்த விசை முழுவதும் ஒரு நொடியில் சக்கரங்களைச் சுழற்றிப் பாயும், நுனிகள் முறியவுங்கூடும். தெமோதரைச் சுருள் சரிவுக்குச் செய்வதை இந்த நெம்பு விசைக்குச் செய்கிறது. மொத்தமாய் விழவேண்டியதைத் துளித்துளியாய் இறக்குகிறது. நெம்புக்குத் தாளம் சொல்வது சமநிலைச் சக்கரம். அதை ஒவ்வோர் ஆட்டத்திலும் மீட்டு இழுப்பது மயிரினும் மெல்லிய ஒரு சுருள்வில். 1675இல் ஹைகன்ஸ் வெளியிட்ட அமைப்பின் வழிவந்தது இது. இத்தகைய கடிகாரங்கள் பலவற்றில் நொடிக்கு ஐந்து அடி; ஒரு நாளைக்கு 4,32,000.

பழுது பெரிதன்று. எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருந்தது. சக்கரங்களைப் பெற்றோலில் கழுவினேன். செயற்கை மாணிக்கக் கற்களின் துளைகளைச் சீவிய மூங்கில் நுனியால் துடைத்தேன். கடைக்காரர் கொடுத்த மெல்லிய எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைத்தேன்.

இவ்வேலையினிடையே ஓர் உண்மை என்னை நிறுத்தியது. கடிகாரத்தின் உள்ளே மணி இல்லை. ஆடும் சக்கரத்துக்கு இது காலை ஆறா, மாலை ஆறா என்பது தெரியாது; அது இடைவெளியை மட்டுமே அறியும். முட்களைத் தாங்கும் சிறு குழாய், மையத் தண்டின்மீது இறுக்கமாகப் பொருந்தியிருந்தும், சாவியை வெளியே இழுத்துத் திருகினால் வழுக்கித் திரும்பும்படி அமைந்திருக்கிறது. 'மணி ஆறு' என்பது இவ்வாறு வெளியிலிருந்து ஒரு கை வைப்பது. துரையின் கையும் அரசின் கையும் முட்களைத் திருப்பலாம். எட்டு மணிநேரத்தின் நீளத்தை அவற்றால் மாற்ற முடியாது. தாத்தா கொப்பியில் எழுதிவைத்தது அந்த நீளத்தையே என்று அப்பொழுதுதான் விளங்கிற்று.

மீளப் பூட்டுகையில் கடினமானது சக்கரங்களின் மேற்பாலத்தை இருத்துவது. பல நுனிகள் ஒரே வேளையில் தத்தம் கல்துளைகளில் நிற்கவேண்டும். அழுத்தினால் முறியும். பாலத்தின்மீது விரலைச் சும்மா வைத்து, சாமணத்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் அசைத்து அசைத்துக் காத்திருக்க வேண்டும். அது தானாகவே படியும்போது ஒரு சிறு ஓசை கேட்கும். முற்பகலில் தொடங்கிய வேலை விளக்கேற்றும் வேளையில் அவ்வோசைக்கு வந்தது. சமநிலைச் சக்கரத்தை இருத்திச் சாவியை நாலைந்து தடவை திருகியதும் அது ஆடத் தொடங்கிற்று.

பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய இரு குறிகள் இருந்தன. திறந்து திருத்தியவர்கள் தம் அடையாளத்தைக் கீறிவைப்பது அத்தொழிலின் வழக்கம். ஒன்றில் ஓர் ஆங்கில எழுத்தும் 78 என்ற எண்ணும். மற்றதில் ஒரு சிங்கள எழுத்தும் 91 என்ற எண்ணும். பெயர் அறியாத அந்த இருவரும் தாத்தாவின் கணக்குக்குச் சாட்சி காத்துக் கொடுத்தவர்கள். அவற்றின் கீழே நானும் இவ்வாண்டின் எண்ணைச் சிறிதாகக் கீறி மூடினேன்.

எச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவை மூட இந்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. உறுப்பு உடைந்தால் மாற்றுறுப்புக்குப் பழைய கடிகாரங்களையே தேடவேண்டும். தாத்தாவின் கடிகாரமோ நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிந்துகிறது. அப்பாயி ஒவ்வொரு காலையும் சாவி கொடுத்து, முள்ளைத் தாமே திருப்பி வைத்துக்கொள்கிறார்.