தசையில்லாத பாசிக்கு

அன்புள்ள நிட்டெல்லாவுக்கு,

குடம் அமிழ்த்துமுன் கையால் விலக்கித் தள்ளும் குளத்துப் பாசிகளில் நீயும் ஒருத்தி. ஊரில் யாருக்கும் உன் பெயர் தெரியாது. மருத்துவ மாணவர்களுக்குத் தசைப்பாடம் நடத்தும் எனக்கோ உன்னிடம் பழைய கடன் இருக்கிறது.

தசை சுருங்கும் வேகத்தை அளப்பது புதிதல்ல. 1938இலேயே லண்டனில் ஏ. வி. ஹில் தவளைத் தொடைத் தசையைக் கொண்டு சுமைக்கும் வேகத்துக்குமான சமன்பாட்டை எழுதிவிட்டார். ஆக்டின் இழைகளும் மயோசின் இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதே சுருக்கம் என்று 1954இல் தெளிவானது. ஆனால் ஒரு தசைநாருக்குள் கோடானுகோடி மயோசின்கள். தேர்வடம் பிடித்த கூட்டத்தில் ஒருவர் கைவலுவை எப்படிப் பிரித்து அளப்பது?

ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஷீட்ஸும் ஜேம்ஸ் ஸ்பூடிச்சும் உன்னிடம் வந்தார்கள். சில சென்டிமீட்டர் நீளமுள்ள உன் ஒற்றைச் செல்லை நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டைபோல விரித்து வைத்தார்கள். உள்ளே வரிசை வரிசையாகப் பசுங்கணிகங்கள்; அவற்றையொட்டித் தண்டவாளமாக ஆக்டின் கற்றைகள். மயோசின் பூசிய, ஒரு மைக்ரானைவிடச் சிறிய ஒளிரும் மணிகளை அதன்மேல் விட்டார்கள். செல்லின் எரிபொருளான ஏடிபி இருந்தால் மணிகள் ஒரே திசையில் ஓடின, நொடிக்குச் சில மைக்ரான். ஏடிபி இல்லையென்றால் ஓட்டமும் இல்லை. 1983இல் இதை வெளியிட்டார்கள்.

அடுத்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. எலும்புத்தசை மயோசின் பூசிய மணி விரைந்தது. மென்தசை மயோசின் பூசியது ஊர்ந்தது. அதே தண்டவாளம், அதே ஏடிபி! அப்படியானால் வேகம் மயோசினோடு பிறந்த குணம். கரும்பலகையில் இதை எழுதும்போது வகுப்பு ஒரு கணம் அமைதியாகும்.

1986இல் கண்ணாடித் துண்டில் மயோசினைப் படியவைத்து, ஆக்டின் இழைகளை அதன்மேல் ஓடவிடும் முறை வந்தது. உன்னைக் கழற்றிவிட்டார்கள். 2012இல் ஷீட்ஸுக்கும் ஸ்பூடிச்சுக்கும், ரொனால்ட் வேல் என்ற ஆய்வாளருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. பாசிக்கு யார் விருது கொடுப்பார்கள்!

உன் குலத்தின் ஓட்டமோ இவர்களுக்கு முன்பே கண்ணில் பட்டது. 1774இலேயே போனவென்துரா கோர்த்தி, உன் உறவுப் பாசியான காராவின் செல்லுக்குள் சாறு ஓயாமல் சுழல்வதைப் பார்த்தார். அதைச் சுழற்றுவதும் மயோசின்தான். அந்தக் காரா மயோசின் எங்கள் தசை மயோசினைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வேகமாக ஓடுகிறது.

நன்றியுடன்,
ஓர் உடலியங்கியல் ஆசிரியர்