செம்மண் சாலையில் இல்லாத சுதந்திரம்

ஹெல்மெட் சட்டம் எனக்கு நெடுங்காலம் பிடிக்காத சட்டம். வேகக் கட்டுப்பாடு சரி. நான் கண்மண் தெரியாமல் ஓட்டினால் அடுத்தவன் சாவான். சிவப்பு விளக்கும் சரி. ஆனால், என் தலையில் நான் எதைப் போட்டுக்கொள்வது என்று அரசாங்கம் ஏன் சொல்ல வேண்டும்? விழுந்தால் உடையப்போவது என் மண்டைதானே? இப்படித்தான் வாதாடுவேன். அதை மனதார நம்பவும் செய்தேன்.

இன்று நான் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன். சம்மனுக்குப் பயந்து அல்ல. சுதந்திரம் என்று நான் பேசிக்கொண்டிருந்தது எங்கள் தோட்டத்துச் சாலையில் உண்மையிலேயே இருந்ததா என்று ஒருநாள் யோசிக்க வேண்டி வந்தது. அந்த யோசனைதான் என்னை மாற்றியது.

எங்கள் ஊரான யோங் பெங்கைச் சுற்றிலும் செம்பனை. லாபிஸிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் பழைய பெரிய ரோடும், மூவாரிலிருந்து பாரிட் சூலோங் வழியாக வரும் ரோடும் எங்கள் ஊரில்தான் சந்திக்கின்றன. அந்தத் தார் ரோடுகளிலிருந்து செம்மண் சாலைகள் பிரிந்து தோட்டங்களுக்குள் போகும். வேலை முடிந்து டவுனுக்குப் புறப்படும் ஆண்கள் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வருவார்கள். செம்மண் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் வண்டி நிற்கும். ஹெல்மெட் தலைக்கு ஏறும். திரும்பி வரும்போது அதே இடத்தில் இறங்கும். நானும் அப்படித்தான். ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று மலேசியாவில் 1973லேயே விதி வந்துவிட்டது. தார் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டால் 300 வெள்ளி வரை சம்மன். தோட்டத்துக்குள் போலீஸ் வருவதில்லை. அங்கே அவரவர் விருப்பம்.

என் சித்தப்பா விழுந்தது அந்த விருப்பத்தின் எல்லைக்குள்தான். வேலை முடிந்து வீடு திரும்பும் வழி. மழை பெய்து ஓய்ந்த செம்மண், கப்சாய் மோட்டார் சைக்கிள், மெதுவான வேகம். சக்கரம் வழுக்கி, சின்னப் பாலத்தின் சிமெண்டு விளிம்பில் தலை மோதியது. முதலில் பத்து பகாட் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தலையில் அறுவை செய்ய வேண்டும் என்று நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கியது. ஆனால் பேச்சு குழறியது. கோபம் காரணமில்லாமல் வந்தது. பழகிய முகங்கள் மறந்துபோயின. சித்தி ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு அவரைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் நின்றார்.

மெதுவாகத்தானே போனார் என்று எல்லாரும் சொன்னோம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் தலை, மணிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் அதே வேகம்தான். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரை நசுங்கி அந்த அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஹெல்மெட் அணிவது சாவின் அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காயத்தின் அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சித்தப்பா வீட்டுக்கு வந்த பிறகு, அக்கா மகனைப் பிடித்து, “இதைப் பார்த்த பிறகுமா உள்ளே வெறுந்தலையோடு ஓட்டுகிறாய்?” என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

“போடணும்னுதான் இருக்கு மாமா. வெளிய போறப்ப போலீஸ் புடிப்பான்னு சொல்லிக்கலாம். உள்ள போட்டா என்னன்னு சொல்றது? பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கிறாங்க.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சட்டம் எட்டாத சாலையில் ஒவ்வொருவனும் தன் இஷ்டப்படி முடிவெடுக்கிறான் என்று நம்பியிருந்தேன். அங்கே முடிவெடுத்தது கூட்டாளிகளின் சிரிப்பு. நான் வெறுந்தலையோடு போனதும் யோசித்து எடுத்த முடிவல்ல. எல்லாரும் அப்படிப் போனார்கள், நானும் போனேன். தார் ரோட்டில் சட்டம் அந்தச் சிரிப்பை வாயடைத்து வைத்திருந்தது. அங்கே ஹெல்மெட் போடுகிறவன் கோழையா வீரனா என்று யாரும் கேட்பதில்லை. போட விரும்பும் பையனுக்குச் சட்டம் ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிறது. அது சுதந்திரத்தைப் பறிப்பதாக எனக்கு இப்போது தோன்றவில்லை.

விழுந்தால் உடைவது என் மண்டைதானே என்ற பழைய வாதமும் சித்தி வீட்டில் நிற்கவில்லை. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ பணம் தருகிறது. அது நாட்டிலுள்ள தொழிலாளிகளும் முதலாளிகளும் மாதாமாதம் கட்டும் சந்தா. அந்தச் செலவை ஓட்டுபவன்மேலேயே வைக்கப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2012இல் சட்டத்தைத் தளர்த்தியது. 21 வயது நிரம்பியவர் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம். ஆனால் குறைந்தது 20,000 டாலருக்கு மருத்துவக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். சுதந்திரம் கேட்பவன் செலவையும் ஏற்கட்டும் என்பது நியாயமாகத் தெரியலாம். சித்தி விட்ட வேலையையும், அவர் விழித்திருந்த இரவுகளையும் எந்தக் காப்புறுதியில் எழுதுவது?

சட்டம் நம்பிக்கைகளை மதிக்காமலும் இல்லை. தலைப்பாகை கட்டும் சீக்கியர்களுக்கு மலேசியாவில் விலக்கு உண்டு. அது அவர்கள் வாழ்வோடு பிணைந்த சமயக் கடமை. அதன் முன் சட்டம் ஒதுங்கி நிற்பதை நான் மதிக்கிறேன். முடி கலைகிறது, புழுங்குகிறது, நாலு பேர் சிரிக்கிறார்கள் என்பதை அதற்குச் சமமாக வைக்க என் மனம் ஒப்பவில்லை.

இந்நாட்டில் சாலை விபத்தில் சாகும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஹெல்மெட் கட்டாயமாக இருக்கும் நாட்டின் நிலையே இதுதான். போலீஸ் கண்ணுக்காக மட்டும் போடுகிறவர்கள் நம்மில் ஏராளம். வாரை மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று ஓடிவிடும். பிள்ளையை முன்னால் வெறுந்தலையோடு நிற்கவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் அப்பாவை யோங் பெங்கில் எந்தக் காலையிலும் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி: சிரிம் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டைப் போட்டு, வாரை மாட்டிய பிறகே யாரும் வண்டியில் வாசலைத் தாண்டலாம். அக்கா மகன் கூட்டாளிகளிடம், “மாமா திட்டுவாரு” என்று சொல்லிக்கொள்கிறான். சொல்லட்டும். தோட்ட நிர்வாகங்களும் இதைத் தங்கள் எல்லைக்குள் விதியாக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றும் உரிமைக்காகப் பேச ஆள் எப்போதும் உண்டு. போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு, சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இல்லாமல் தயங்கி நிற்கும் பையனுக்காகப் பேச ஆள் குறைவு. நான் அவனுக்காகப் பேசுகிறேன்.